விக்டோரியா எதிர் அரசு

தோமையார்துறை
2.10.2024

அன்புத் தம்பி வளனுக்கு அக்கா விக்டோரியா எழுதுவது. தோத்திரம். நானும் மச்சானும் ஜெப்ஸியும் சுகம். உனக்கு அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா, இருமல் நின்றதா என்று எழுது.

போன வாரம் உன்னைப் பார்க்க வந்தபோது கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் முப்பது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். மூன்று பஸ் மாறி வந்து உன் வாய் அசைவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதனால் இனி எழுதுவேன். ஜெயிலில் கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்களாம். படிக்கட்டும்.

உன்னைப் பிடித்துவைத்த உத்தரவை முழுதாகப் படித்தேன். செப்டம்பர் 9 மாலை ஐந்து மணிக்கு நீ கோயில் மணியை இடைவிடாமல் அடித்து, நாற்பது படகுகளில் ஆட்களைத் திரட்டி, கடலடிக் கனிம ஆய்வுக் கப்பலைச் சூழ்ந்து கல்லெறியச் செய்தாயாம். அதனால் பொது ஒழுங்கு கெட்டதாம். குண்டர் சட்டம். விசாரணை கிடையாது, ஒரு வருடம் உள்ளே.

நம் ஊரில் மணி நிற்காமல் அடித்தால் கடலுக்குப் போன வள்ளம் ஒன்று திரும்பவில்லை என்று அர்த்தம். சோற்றில் கை வைத்தவனும் எழுந்து ஓட வேண்டும். இது கைப்பிள்ளைக்கும் தெரியும். உத்தரவு எழுதியவருக்குத் தெரியவில்லை. அன்று திரும்பாதது உன் மச்சான் வள்ளம். இஞ்சின் கெட்டு வேம்பாரில் கரையேறி, நனைந்த போனைத் துடைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார் மனுஷன். அதற்குப் பிறகு அவர் டீயே குடிப்பதில்லை.

வளன், நான் ஒரு காரியம் செய்ய நினைக்கிறேன். கண்ணாடி வழியாகச் சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். வேண்டாம் என்றாயா, கேட்கவில்லை என்றாயா?

உன் அக்கா,
விக்டோரியா

*

மத்தியச் சிறை
17.10.2024

அன்புள்ள அக்காவுக்கு வளனின் தோத்திரம். இருமல் இல்லை. கஞ்சியில் உப்பு இல்லை. மற்றபடி சுகம்.

நீ சொன்னது கேட்டது. வேண்டாம் என்றுதான் ஆட்டினேன். இந்தத் தாளை ஜாமீனில் போகிறவன் ஒருவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், ஜெயிலில் பிரிக்க மாட்டார்கள். நீ இனி அதை எழுதவும் வேண்டாம். ஜெப்ஸிக்கு ஆறு வயது. எனக்குப் பிள்ளை இல்லை. இதற்கு மேல் கணக்குப் பார்க்க ஒன்றுமில்லை.

உன் உள்ளங்கைக் காயம் ஆறிவிட்டதா? வலைக்கயிறு அறுத்தது என்றுதானே டாக்டரிடம் சொன்னாய்? யார் கேட்டாலும் அப்படியே சொல்.

ஸ்டேஷனில் கேட்டார்கள்: “மணி அடிச்சது எவம்ல?” “நாந்தான்” என்றேன். எழுதிக்கொண்டார்கள். பொம்பளையாக இருக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, தோன்றவும் வேண்டாம்.

இங்கே என் பக்கத்துப் பாயில் பேச்சிமுத்து என்று ஒருவன். ஆற்றங்கரை ஊர். மூன்று பைக் திருடியதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறான். நாலாவதைத் தான் தொடவில்லை என்று சத்தியம் செய்கிறான். நான் கடலில் சங்கு குளிக்கிறவன் என்று தெரிந்ததிலிருந்து என்னை ‘கடலு’ என்றுதான் கூப்பிடுகிறான். நேற்று எனக்குப் பாடம் எடுத்தான்: “ஏலே கடலு, ஒன்ன உள்ள வைக்கும்போது ஒரு கட்டுத் தாளைப் புக்கா தச்சுக் குடுத்திருப்பானுவல்லா, அதப் பொரட்டிப் பாரு. எந்தப் பக்கம் கறுப்பா இருக்கோ, அதாம்ல ஒனக்கு வாசல்.”

பார்த்தேன். நாற்பத்தேழாம் பக்கம் முழுக்கக் கறுப்பு. வக்கீலிடம் சொல்.

உன் தம்பி,
வளன்

*

தோமையார்துறை
18.11.2024

அன்புத் தம்பிக்கு, தோத்திரம். இங்கே எல்லாருக்கும் சுகம். மழையில் ஜெப்ஸிக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது, விட்டுவிட்டது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நாற்பத்தேழாம் பக்கத்தைச் சொன்னதும் வக்கீல் பால்துரை அண்ணாச்சி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு சிரித்தார். “ஏளா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? முப்பது வருசமா பாக்கேன். விசாரணை இல்லாம ஒருத்தனை அடைச்சா, அவனுக்கு மிச்சமிருக்க ஒரே உரிமை, தனக்கு எதிரா என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பதில் சொல்லுததுதான். படிக்க முடியாத பக்கத்தைக் குடுத்தா உத்தரவு செல்லாது. கொலைகாரனே இதுல வெளிய வந்திருக்கான்.”

அது மீன்வளத்துறை ஒயர்லெஸ் பதிவின் நகலாம். அன்று ஐந்து இருபதுக்கு நம் ஆட்கள், ‘ஒரு வள்ளத்தைக் காணோம், தேடப் போறோம்’ என்று சொன்னது அதில் இருக்க வேண்டும். தேடத்தான் போனார்கள் என்பதற்கு இருக்கிற ஒரே அரசாங்கச் சாட்சி அது. அதுதான் கறுப்பாக வந்திருக்கிறது.

உன்னை விடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டாயிற்று. “மனுதாரர்னு யாரு பேரு? ஒம் புருசன் அமலன் பேரைப் போட்டுருவமா?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“எம் பேரைப் போடுங்க.”

“நீ எதுக்குளா கோர்ட்டு வாசல் ஏறணும்?”

“அவன் எனக்குத்தான தம்பி.”

அதனால் வழக்கின் பெயர் ‘விக்டோரியா எதிர் அரசு.’ ஜெப்ஸி அதை நோட்டில் நான்கு முறை எழுதி, பள்ளிக்கூடத்தில் காட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

காயம் ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது. நற்கருணை வாங்கக் கையை நீட்டும்போதெல்லாம் பார்க்கிறேன்.

அக்கா

*

மத்தியச் சிறை
9.12.2024

அன்புள்ள அக்காவுக்கு, தோத்திரம். சுகம். உன் கடிதத்தில் கறுப்புப் பக்கம் பற்றி வருவதை மட்டும் பேச்சிமுத்துவுக்கு வாசித்துக் காட்டினேன். அவனுடைய தாள்கட்டிலும் ஒரு கறுப்புப் பக்கம் இருக்கிறது, அவன் அம்மா சுடலைச்செல்வியும் மனுப் போட்டிருக்கிறாள். “ஒங்க அக்கா கேஸ் மொதல்ல வருது. அவ ஜெயிச்சா எங்க அம்மையும் ஜெயிப்பா” என்று கணக்குப் போடுகிறான்.

ராத்திரி தூக்கம் வராவிட்டால் மூச்சை அடக்கி எண்ணிப் பார்க்கிறேன். கடலில் தொண்ணூறு தாண்டுவேன். இங்கே ஐம்பதிலேயே மேலே வந்துவிடுகிறேன்.

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போன வருடத்துப் பாசியையே வைக்காதே. நான் வந்து புதிதாக எடுத்துத் தருகிறேன்.

வளன்

*

தோமையார்துறை
26.2.2025

அன்புத் தம்பி, தோத்திரம். இரண்டு மாதமாக எழுதாததற்கு மன்னித்துக்கொள். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத ஒன்றும் இல்லாததுதான் காரணம். ஆறு தடவை வழக்கு பட்டியலில் வந்தது. ஆறு தடவையும் அரசு வக்கீல் அவகாசம் கேட்டார், கொடுத்தார்கள். நாம் கேட்கவில்லை, ஆனாலும் ஆறு வாரம் உன்னுடையது போயிற்று.

ஜனவரியில் இருந்து அமர்வு மாறியிருக்கிறது. புதிதாக வந்திருக்கும் மூத்த நீதிபதியைப் பற்றி அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததுதான் எனக்குப் பயம். அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. ஆளும் கட்சியின் வக்கீல் சங்கக் கூட்டம். மேடையில் அந்த நீதிபதி, கழுத்தில் அவர்கள் துண்டு. “நான் இந்தக் குடும்பத்துப் பிள்ளை. அதைச் சொல்வதற்கு எனக்குக் கூச்சம் இல்லை” என்கிறார். கைதட்டுகிறார்கள்.

அண்ணாச்சியிடம் காட்டினேன். “இத வச்சு வேற அமர்வு கேட்டா, நீதிமன்றத்தை அவமதிச்சேன்னு என்னைய உள்ள வச்சிருவாரு” என்றார்.

போன திங்கள்கிழமை அதே அமர்வு கனிமத் திட்டத்துக்கு எதிராக நம் மீனவர் சங்கம் போட்ட வழக்கையும் தள்ளிவிட்டது. கரையிலிருந்து ஐந்து மைல் தடைசெய்யப்பட்ட பகுதி ஆகிறது. அந்தத் தீர்ப்பில், தேச வளர்ச்சியை எதிர்ப்பவர்கள் கடலைத் தங்கள் குலச்சொத்து என்று நினைக்கிறார்கள் என்று ஒரு வரி இருக்கிறதாம். அந்த வரியைக் காட்டி அடுத்த மாநிலத்துக் கடற்கரையிலும் வேலி போட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு மனிதன் உட்கார்ந்து எழுதுகிறான், எங்கோ முகம் தெரியாதவன் வலையைச் சுருட்டுகிறான்.

பாசி வாடிவிட்டது. குடிலை இன்னும் பிரிக்கவில்லை.

அக்கா

*

தோமையார்துறை
3.4.2025

தம்பி வளனுக்கு, தோத்திரம். சுகம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. சாப்பிடு, தூங்கு, அது போதும்.

மனுவைத் தள்ளிவிட்டார்கள். நான் கோர்ட்டில் இருந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அண்ணாச்சி நாற்பத்தேழாம் பக்கத்தை எடுத்துக் கொடுத்து, “ஐயா, இதைப் படிக்க முடியவில்லை” என்றார்.

நீதிபதி அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். “எனக்குப் படிக்க முடிகிறதே.”

“என்ன எழுதியிருக்கிறது ஐயா?”

“அது இப்போது பிரச்சினை இல்லை.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்தார். பக்கத்தில் இருந்த இளைய நீதிபதி மட்டும் தலை குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். தீர்ப்பில் கையெழுத்து அவருடையதும்தான்.

தேச முக்கியத்துவம் வாய்ந்த திட்டங்களுக்குக் கேடு செய்கிறவர்கள் விஷயத்தில், ஒரு பக்கம் தெளிவாக இல்லை என்ற அற்பக் காரணத்துக்காக உத்தரவில் தலையிட முடியாது. இதுதான் தீர்ப்பு. இத்தனை வருடம் கொலைகாரனுக்கும் திறந்த கதவு உனக்கு மூடிவிட்டது. டெல்லிக்குப் போகலாம் என்கிறார் அண்ணாச்சி. அங்கே பட்டியலில் வருவதற்குள் உன் வருடம் முடிந்துவிடும் என்றும் அவரே சொல்கிறார்.

வெளியே வந்து அண்ணாச்சி படியில் உட்கார்ந்துவிட்டார். வியர்வையைத் துடைக்கவில்லை.

உன் சொல்லால் என்னைக் கட்டிப்போட்டு உட்கார வைத்திருக்கிறாய். எத்தனை நாளைக்கு?

விக்டோரியா

*

மத்தியச் சிறை
25.4.2025

அன்புள்ள அக்காவுக்கு, தோத்திரம். சாப்பிடுகிறேன். தூங்குவதாக எழுதினால் பொய்.

மூன்று வாரத்தில் இந்தத் தொகுதியில் மட்டும் பதினோரு பேர் மனு தள்ளுபடி. எல்லாருக்கும் அதே கறுப்புப் பக்கம். இவர்களில் எவனும் கப்பலைப் பார்த்ததுகூட இல்லை. தேசத் திட்டம் என்று சொல்லி உனக்காக எழுதியதை, பைக் திருடனுக்கும் சாராயம் காய்ச்சியவனுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். எல்லாத் தீர்ப்பிலும் ஒரே வரி: ‘விக்டோரியா எதிர் அரசு வழக்கில் கண்டபடி.’

பேச்சிமுத்துவின் தீர்ப்பும் நேற்று வந்தது. அவனுக்குப் படிக்க வராது. நான்தான் வாசித்தேன். அந்த வரி வந்ததும் நிறுத்தச் சொன்னான்.

“யாருல இந்த விக்டோரியா?”

“எங்க அக்கா.”

பாயைச் சுருட்டிக்கொண்டு போய்ச் சுவரோரம் படுத்துக்கொண்டான். இன்று காலையில்தான் பேசினான்: “அடுத்த தடவ கேஸ் போட்டா வேற எவ பேருலயாச்சும் போடச் சொல்லுல ஒங்க அக்காவ.” சிரிக்கத்தான் சொன்னான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

இன்னும் நாலரை மாதம். கடலடியில் நாலரை நிமிடம் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ ஒன்றும் செய்யாதே. கை எடுத்துக் கும்பிடுகிறேன்.

வளன்

*

தோமையார்துறை
2.6.2025

அன்புத் தம்பி வளனுக்கு, தோத்திரம். எல்லாரும் சுகம். ஜெப்ஸிக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது.

இந்தக் கடிதத்தை வாசிக்கிற சிறை அதிகாரிக்கும் சேர்த்து எழுதுகிறேன். செப்டம்பர் 9 அன்று மணி அடித்தது நான்.

தீர்ப்பை மறுபரிசீலனை செய்யச் சொல்லிப் புது மனுப் போட்டு, இதைச் சத்தியப் பிரமாணமாகக் கொடுத்துவிட்டேன். நீ வள்ளத்தை நகர்த்திக்கொண்டிருந்தாய் என்பதற்கு எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மணிக்கயிற்றைப் பொம்பளைகள் தொடக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். அன்று மணி அடிக்கிற உபதேசியார் ஊரில் இல்லை. அவர் வரும்வரை என் புருஷனை மிதக்கவிடச் சொல்கிறாயா? கயிறு பழையது. நார் உரிந்து உள்ளங்கையில் ஏறியது. ரத்தத்தில் வழுக்கிற்று, சேலையைச் சுற்றிக்கொண்டு அடித்தேன். அவர் வேம்பாரில் பத்திரமாக இருந்தார் என்பது பிறகுதான் தெரியும். நான் அடித்தது தப்பாகப் போயிற்று. ஆனால் கெட்ட எண்ணத்தில் அடிக்கவில்லை.

அண்ணாச்சி மூன்று நாள் என்னைத் தடுத்தார். “உண்மையைச் சொன்னா விட்டுருவானுவன்னு நெனைக்கியாளா?” என்றார்.

“அவன் அடிக்கலைன்னு தெரிஞ்சா எதுக்கு வச்சிருப்பாங்க?”

பேனாவைக் கொடுத்தார்.

உன் மச்சானுக்குக் கோபம் இல்லை. பிள்ளைக்குத் தலை பின்ன அவருக்கு வராது என்று மட்டும் சொன்னார். இப்போது பழகுகிறார்.

விக்டோரியா

*

மத்தியச் சிறை
14.7.2025

அன்புள்ள அக்காவுக்கு, தோத்திரம். உன் ஜூன் கடிதத்துக்குப் பிறகு இது மூன்றாவது கடிதம். இரண்டுக்குப் பதில் இல்லை. சுகமாக இருக்கிறாயா? ஜெப்ஸி சுகமா? மச்சானும் பார்க்க வரவில்லை. அண்ணாச்சி ஒரு தடவை வந்தார், கடலில் மீன்பாடு எப்படி என்று பேசிவிட்டுப் போனார். அவர் என்றைக்கு மீன்பாட்டைப் பற்றிப் பேசியிருக்கிறார்?

தினத்தாளில் ஒரு செய்தி பார்த்தேன். அந்த நீதிபதி பதவியை ராஜினாமா செய்துவிட்டு, மறுநாள் ஆளும் கட்சியில் சேர்ந்துவிட்டார். அடுத்த வாரமே புதிதாக அமைத்த கடல்வள ஆணையத்துக்குத் தலைவர். நாடு முழுக்க எந்தக் கடலில் யார் போகலாம் என்று இனி அவர்தான் விதி எழுதுவார். போட்டோவில் அதே துண்டு.

காலையில் கதவு திறந்த வார்டர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல மனிதர் அவர்.

ஒரு வரி போடு. சுகம் என்று மட்டும் போடு.

வளன்

*

தோமையார்துறை
21.9.2025

அன்புள்ள அக்காவுக்கு, உன் வீட்டில் உட்கார்ந்து உன் மேசையில் எழுதுகிறேன். ஜெப்ஸியும் மச்சானும் சுகம். உனக்கு அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

ஒரு வருடம் முடிந்தது, விட்டுவிட்டார்கள். குற்றவாளி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாசலில் மச்சான் தனியாக நின்றார். “அக்கா எங்க?” என்றேன். அவர் என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பஸ் நிலையத்தில் காத்திருந்த அண்ணாச்சிதான் பஸ்ஸில் முழுதாகச் சொன்னார்.

ராஜினாமா செய்வதற்கு முன் அந்த நீதிபதி கடைசியாகப் படித்த தாள்களில் உன் சத்தியப் பிரமாணமும் ஒன்றாம். கறுப்புப் பக்கத்துக்கு மூன்று மாதம் எடுத்தவர் இதை ஒரே நாளில் படித்திருக்கிறார். மணி அடித்தது அக்கா என்றால் தம்பி உண்மையை மறைத்தவன், அவனை விட முடியாது. அக்காவைப் போலீஸ் கவனிக்கட்டும் என்று எழுதிவிட்டாராம். நான்கு நாளில் உனக்கும் அதே சட்டம், அதே ஒரு வருடம். கண்ணீர் விட்டபடியே என்னைத் திட்டிக்கொண்டு வந்தார் அண்ணாச்சி. என்னை எதற்குத் திட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை.

உன் ‘புக்கை’ வாங்கிப் பார்த்தேன். அதே ஒயர்லெஸ் பக்கம். அதே கறுப்பு. புதிதாக நகல் எடுக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

மணிக்கூண்டுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். சாவி ஸ்டேஷனில். பூசைக்கு முன் ஒரு போலீஸ்காரர் வந்து திறந்து, மூன்று அடி அடித்ததும் பூட்டிக்கொண்டு போகிறார். ஆகஸ்டில் ஈவாஞ்சலின் அத்தை மகன் ஜெனோ வள்ளம் கவிழ்ந்தது உனக்குத் தெரியாது. சாவி கேட்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள், சாவி வைத்திருக்கும் ரைட்டர் இல்லை என்றார்கள். தெருத் தெருவாக ஓடிக் கூப்பிட்டு ஆள் சேர்ந்து கடலில் இறங்க ஒன்றரை மணி நேரம். அவன் உடலைத் தூக்கும்போது இன்னும் சூடு இருந்ததாம். ஒன்றரை மணி நேரம், அக்கா. நான் என் வருடத்தைப் பற்றி இனிப் பேச மாட்டேன்.

உனக்காக என் பெயரில் மனுப் போட்டிருக்கிறேன். ‘வளன் எதிர் அரசு.’ இப்போது இருக்கிற நீதிபதிகள் நேர்மையானவர்கள் என்கிறார் அண்ணாச்சி.

ஜெப்ஸிக்கு முன்பல் முளைத்துவிட்டது. கொஞ்சம் கோணல்.

உன் தம்பி,
வளன்

*

பெண்கள் சிறை
12.1.2026

அன்புத் தம்பி வளனுக்கு அக்கா எழுதுவது. தோத்திரம். நான் சுகம். இங்கே தண்ணீர் ஒத்துக்கொள்கிறது. மச்சானையும் ஜெப்ஸியையும் பார்த்துக்கொள்.

அண்ணாச்சி வந்து தீர்ப்பை வாசித்துக் காட்டினார். நீதிபதிகள் இருவரும் நல்லவர்களாம். என் வழக்கைப் படித்து ஒருவர் வருத்தப்பட்டாராம். ஆனால் கறுப்புப் பக்கத்தைப் பற்றி முன்னால் ஒரு தீர்ப்பு இருக்கிறது, டெல்லி அதைக் கலைக்காதவரை எங்கள் கை கட்டியிருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். ஆறாம் பத்தி: ‘விக்டோரியா எதிர் அரசு வழக்கில் கண்டபடி இந்த மனுவும் தள்ளுபடி செய்யப்படுகிறது.’ அந்த இடத்தில் அண்ணாச்சி தாளை மடியில் வைத்துவிட்டார். நான்தான் வாங்கி மீதியை வாசித்தேன்.

எழுதியவர் போய்விட்டார். எழுத்து போகவில்லை. நல்லவர்களும் அதைத்தான் வாசிக்கிறார்கள்.

இந்த வார்டில் பதினான்கு பேர். அதில் ஆறு பேருக்கு அந்த வரி வந்திருக்கிறது. என் பக்கத்தில் படுக்கிறவள் அருணாசலவடிவு. கஞ்சா கேஸ், கைக்குழந்தையோடு இருக்கிறாள். அவள் தீர்ப்பையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, “எவளோ ஒரு விக்டோரியாவாம், அவ தம்பிக்காண்டி கேஸ் போட்டு எல்லார் தாலியையும் அறுத்துட்டா. அவ மட்டும் எங் கையில கெடச்சா” என்றாள். பிள்ளை அழுதது. நான் வாங்கித் தட்டிக்கொடுத்துத் தூங்க வைத்தேன்.

வந்த அன்று பெயர் கேட்டார்கள். ஜெப்ஸி அம்மா என்று சொன்னேன். இங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

கடிதம் கொண்டுவருகிறவள் உறையில் இருக்கும் பெயரைச் சத்தமாக வாசித்துத்தான் கொடுக்கிறாள். போன தடவை நல்லவேளை, எல்லாரும் குளிக்கப் போயிருந்தார்கள். இனி எழுதினால் உறையின் மேல் என் பெயரைப் போடாதே. எண் போதும்.

அக்கா